சவிரிமுத்து அண்ணையின் வலது தோள்

நான் வேலை செய்த அறையில் இப்போது இயன்மருத்துவராக இருக்கிற தாரணி சில வாரங்களுக்கு முன்பு வீட்டுக்கு வந்திருந்தாள். தசைநாண் நோவுக்கு அதிர்வலை கொடுக்கிற புதிய இயந்திரம் எங்கள் தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டதாம். அதைப் பற்றிச் சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டிருந்தவள், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “மிஸ், உங்களை ஆகக் கஷ்டப்படுத்தின தோள் எது?” என்று கேட்டாள்.

இந்தத் தீவுகளில் தோள் நோவுக்குக் குறைவில்லை. நெடுந்தீவில் தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்கள், புங்குடுதீவில் தோட்டம் கொத்தியவர்கள், படகு இயந்திரத்தின் கயிற்றை நாள் முழுக்க இழுத்தவர்கள் என்று எத்தனையோ பேர் என் முன்னால் சட்டையைக் கழற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆனால் அவள் கேட்டதும் எனக்கு எழுவைதீவுச் சவிரிமுத்து அண்ணையின் வலது தோள்தான் நினைவுக்கு வந்தது. தாரணிக்கு அன்று சுருக்கமாகச் சொன்னேன். முழுவதையும் எழுதிவைக்கலாம் என்று பிறகு தோன்றியது. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் இயன்மருத்துவம் படித்தது கொழும்பில். அது சண்டைக் காலம். விடுமுறைக்கு ஊருக்கு வர முடியாமல் விடுதியிலேயே கிடந்த நாட்கள் பல. எலும்பையும் தசையையும் அங்கே படித்தேன். ஆட்களைப் பார்க்கப் பழகியது யாழ்ப்பாணத்தில், மூத்த இயன்மருத்துவர் குணரட்ணம் சேருக்குக் கீழே வேலை செய்தபோது.

சேர் மெலிந்த மனிதர். குரலை உயர்த்தமாட்டார். நோயாளியைக் கதிரையில் இருத்திவிட்டு, அதைவிடப் பதிந்த ஒரு வாங்கில் தான் இருப்பார். வந்தவர் அவரைக் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கி, முதலில் நோகாத தோளைத்தான் தொடுவார். அது எப்படி அசைகிறது என்று பார்த்த பிறகே நோகிற தோளுக்கு வருவார். எங்கே நோகிறது என்பது அவருடைய முதல் கேள்வி அல்ல. “இந்தக் கையாலை இப்ப செய்ய ஏலாமல் கிடக்கிற ஒரு வேலையைச் சொல்லுங்கோ” என்பார். பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். வெளியே வரிசை எவ்வளவு நீண்டாலும் அந்த மௌனத்தை அவர் குறைத்ததில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவைப் பரிசோதித்துவிட்டு, எந்தத் தசைநாண், எந்த இடத்தில் என்று கடகடவென்று அவரிடம் ஒப்புவித்தேன். முழுவதையும் கேட்டார்.

“சரி. அந்த மனுசி என்ன வேலை செய்யிறவ?”

“வேலை ஒண்டும் இல்லை சேர். வீட்டிலைதான் இருக்கிறா.”

“வேலை ஒண்டும் இல்லாத மனுசிக்குத் தசைநாண் என்னெண்டு நோகும்? போய்க் கேட்டுக்கொண்டு வாரும்.”

போய்க் கேட்டேன். அந்த அம்மா விடிந்தால் எழும்பித் தண்ணீர் அள்ளுகிறவர், விறகு கொத்துகிறவர், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைக்கிறவர். திரும்பி வந்து சொன்னபோது சேர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு எனக்குத் தீவுப் பக்கம் நியமனம் கிடைத்தது. ஊர்காவற்றுறையில் ஆஸ்பத்திரியின் பழைய களஞ்சிய அறையை வெள்ளையடித்துத் தந்தார்கள். ஒரு கட்டில், ஒரு கப்பி, விரல்களால் சுவரில் ஏறிப் பழகுவதற்கு நான் பென்சிலால் போட்ட கோடுகள், சைக்கிள் ரியூப்பை வெட்டிச் செய்த இழுவைப் பட்டிகள், இவ்வளவுதான் இருந்தன. அந்த அறைக்குத்தான் சவிரிமுத்து அண்ணை வந்தார்.

எழுவைதீவிலிருந்து காலைப் படகில் வந்திருந்தார். அறுபதை எட்டிக்கொண்டிருந்த கடல் தொழிலாளி. சேர்ட்டின் வலது கையை முதலில் போட்டு, பிறகு மற்றக் கையை நுழைத்திருக்க வேண்டும். பொத்தான்கள் ஒன்று மாறிப் பூட்டப்பட்டிருந்தன.

முதலில் அவருடைய இடது தோளைப் பார்த்தேன். பிறகு வலது கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தச் சொன்னேன். கை பாதி உயரத்துக்கு வரும்வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் முகம் சுருங்கியது, மூச்சு நின்றது. தலைக்கு மேலே போனதும் முகம் தெளிந்தது. இறக்கும்போதும் அதே இடத்தில் நோ. அவரைத் தளரவிட்டு நானே கையைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் தடையில்லாமல் போனது. மூட்டு இறுகிப்போன தோள் இல்லை இது. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக் கையை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொல்லி, நான் எதிரே பிடித்தேன். நோவோடுதான், ஆனால் தள்ளினார். தசைநாண் அறுந்துபோகவும் இல்லை. தாங்க முடியாத சுமை நாள் தவறாமல் விழுந்து நொந்துபோயிருந்தது.

“உள்ளுக்குள்ளை இருக்கிற நாண் ஒண்டு களைச்சுப்போச்சு அண்ணை,” என்றேன். “கயிறு எண்டால் இழுக்க இழுக்கத் தேயும். இது உயிருள்ளது. அளவாய் இழுத்தால் பலக்கும், அளவுக்கு மிஞ்சினால் நோகும், சும்மா விட்டாலும் நலிஞ்சுபோகும்.”

அது அவருக்கு நன்றாக விளங்கியது. பிறகு நான் சேருடைய கேள்வியைக் கேட்டேன். அவர் யன்னலைப் பார்த்தார்.

“வலை இழுக்க ஏலாமல் கிடக்கு,” என்றார்.

சில கிழமைகளுக்கு வலை இழுப்பதை விடச் சொன்னேன். முழங்கையை மடித்துச் சுவரில் அழுத்திப் பிடிக்கிற பயிற்சியைக் காட்டினேன். அது பழகிய பின் சைக்கிள் ரியூப்பை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுகிற பயிற்சி. “செய்யேக்கை கொஞ்சம் நொந்தால் பறவாயில்லை. அடுத்தநாள் விடிய நோ கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் குறைச்சுச் செய்யுங்கோ” என்று சொல்லி அனுப்பினேன்.

அவரைப் போல ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்கள் குறைவு. ஒவ்வொரு முறையும் வந்து பிழையில்லாமல் செய்து காட்டுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் நோ கூடியிருக்கும். டொக்டர் தோளுக்குள் ஊசி போட்டார். கொஞ்ச நாள் சுகமாக இருந்தது. பிறகு முன்பைவிட மோசமாகித் திரும்பி வந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“இன்னொரு ஊசி போடச் சொல்லுங்கோ மிஸ்.”

“அண்ணை, ஊசி நோவைத்தான் மறைக்கும். நோ இல்லையெண்டு நீங்கள் திரும்பப் பாரம் தூக்கினால் நாண் இன்னும் நொந்துபோகும்.”

“எனக்கு இந்தக் கை வேணும் மிஸ்,” என்றார். 

அன்றைக்குப் பிடியின் பலத்தைப் பார்ப்பதற்காக அவருடைய உள்ளங்கையை விரித்தேன். கயிறு பிடித்துத் தடித்த தோல் எல்லாம் உரிந்து, மென்மையாகியிருந்தது. கடலுக்குப் போகிறவரின் கை அப்படி இருக்காது.

“கடலுக்குப் போய் எவ்வளவு காலம் அண்ணை?”

கையை மெல்ல இழுத்துக்கொண்டார். “கன காலம்.”

“அப்ப என்னத்தைத் தூக்குறீங்கள்?”

“ஒண்டும் இல்லை மிஸ்.”

சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தவணைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

இடைக்கிடை டொக்டரும் ஒரு தாதி மிஸியும் எழுவைதீவுக்குப் படகில் போய் நோயாளிகளைப் பார்த்துவருவார்கள். என்னையும் ஏற்றிச் செல்ல முடியுமா என்று டொக்டரிடம் கேட்டேன். “வாங்கோ, எனக்கும் உதவி” என்றார்.

சின்னத் தீவு. சவிரிமுத்து அண்ணையின் வீட்டை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கோயிலைத் தாண்டிப் பனைமட்டை வேலிக்குள் இருந்தது. படலையில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

கிணற்றடியிலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் ஒரு பெண்ணை ஏந்தியிருந்தார். குளிக்க வார்த்த ஈரத்தோடு, சேலையால் சுற்றி. அந்த அம்மா என்னைக் கண்டதும் முகத்தை அவருடைய நெஞ்சுக்குள் திருப்பிக்கொண்டார். அண்ணை நிற்கவில்லை. வலது தோள் காதுவரை உயர்ந்திருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனார். நான் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. “உள்ளை வரச் சொல்லுங்கோ. பாத்தாச்சுத்தானே.”

அவர் மனைவி றோசலின். தீவில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்தவர். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் வழங்காமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வாய்ப்பேச்சுக்குப் பழுதில்லை. அண்ணை தேத்தண்ணீர் வைக்கிறேன் என்று குசினிக்குப் போனதும் அவரே சொல்லத் தொடங்கினார்.

“என்னையும் முதலிலை உங்கடை ஆஸ்பத்திரிக்குத்தான் வரச் சொன்னவை. ஜெற்றியிலை நாலு பேர் கதிரையோடை தூக்கி வள்ளத்துக்குள்ளை இறக்கினவை. நான் சட்டை தைச்சுக் குடுத்த பிள்ளையள் நிண்டு பாத்துக்கொண்டு நிண்டதுகள். இனி வரமாட்டன் எண்டு இவருக்குச் சொல்லிப்போட்டன். ஆருக்கும் என்னைப் பற்றிக் கதைக்கக் கூடாது எண்டும் சொன்னனான். அதாலைதான் உங்களிட்டையும் வலையைச் சாட்டியிருப்பார்.”

“ஓம் அக்கா. வலை எண்டுதான் சொன்னவர்.”

“இவரின்ரை கை நோகிறது எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறார். என்னைத் தூக்கேக்கை மூச்சைப் பிடிக்கிறார். அது என்ரை காதுக்குள்ளைதானே கேக்குது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மன்னாரிலை இருக்கிற மகளிட்டைச் சொல்லி, யாழ்ப்பாணத்திலை சிஸ்டர்மார் நடத்துற இல்லத்திலை இடம் கேட்டனான். இடம் இருக்காம். நத்தார்ப் பண்டிகை முடியப் போறன். இவருக்கு இன்னும் சொல்லேல்லை.”

வாசலில் கோப்பை கிணுங்கியது. அண்ணை அங்கே நின்றிருந்தார். உள்ளே வந்து, இடது கையால் கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தார்.

“என்னை விட்டிட்டுப் போகப் போறியோ, றோசா?”

“உங்களை விட்டிட்டு இல்லை. உங்கடை கைக்குப் பாரமாய் இருக்க ஏலாமல்தான்.”

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

பிறகு, “அக்காவைக் கட்டிலிலை இருந்து கதிரைக்கு எப்பிடி மாத்துறீங்கள், ஒருக்கால் காட்டுங்கோ அண்ணை” என்றேன்.

காட்டினார். கட்டில் மிகப் பதிவு. முழங்காலை மடிக்காமல் இடுப்பால் குனிந்து, கைகளை முன்னே நீட்டி, அக்காவின் கக்கங்களுக்குள் விட்டு, முழுப் பாரத்தையும் தூக்கி வலப்பக்கமாகத் திருப்பினார். கை உடம்பை விட்டுத் தள்ளி நீண்டிருக்கும்போதுதான் அந்த நாணுக்குப் பாரம் ஆகக் கூடுதலாக விழும். அக்கா ஒரு துணிப்பொதி போலத் தொங்கினார்.

“நீங்கள் காலை ஊண்டுறேல்லையோ அக்கா?”

“ஊண்டினால் விழுந்திடுவன்.”

“நான்தான் ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டு சொன்னனான்,” என்றார் அண்ணை.

அக்காவின் இடது பாதத்தை என் உள்ளங்கையில் வைத்துத் தள்ளச் சொன்னேன். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி கேட்டேன். முழங்கால் நடுங்கிக்கொண்டு நீண்டு என் கையைத் தள்ளியது. அந்தக் காலுக்குள் இவ்வளவு பலம் சும்மா கிடந்தது அவருக்கே தெரியாது. தள்ளிப் பார் என்று இவ்வளவு காலமும் யாரும் கேட்டிருக்கவில்லை.

“இந்தக் கால் உங்களைத் தாங்கும் அக்கா.”

பக்கத்து வீட்டில் சீமெந்துக் கற்கள் வாங்கிக் கட்டில் கால்களின் கீழே வைத்து உயர்த்தினோம். கதிரையை அக்காவின் நல்ல பக்கத்தில், கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். அண்ணையின் சாரத்துணி ஒன்றை நீளமாக மடித்து அக்காவின் இடுப்பில் பட்டிபோலக் கட்டினேன். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே தள்ளி வைத்தேன். அண்ணையை எதிரே நிற்க வைத்து, முழங்காலை மடிக்கச் சொல்லி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்புப் பட்டியை மட்டும் பிடிக்கச் சொன்னேன். நானும் அக்காவின் இடது முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து நின்றேன்.

“இப்ப நிமிர வேண்டாம் அக்கா. முன்னுக்குச் சரியுங்கோ. அண்ணையின்ரை தோளுக்கு மேலாலை எட்டிப் பாக்கிற மாதிரி. நல்லாய்ச் சரிஞ்சாப் போலை காலாலை தள்ளுங்கோ.”

சரிந்தார். தள்ளினார். எழும்பினார்.

கால் நடுங்கியது, இடது தோள் தொங்கியது, ஆனால் நின்றார். அண்ணையின் தோளுக்கு மேலாக யன்னலைப் பார்த்தார். “கிணறு தெரியுது,” என்றார். படுத்தபடி பார்த்தால் அந்த யன்னலில் வானம் மட்டுந்தான் தெரியும்.

கதிரையில் இருத்திய பிறகு அண்ணை தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். “நான் தூக்கேல்லை மிஸ். அவ தானாய் எழும்பினவ.” அதையே திரும்பவும் சொன்னார். பிறகு முகம் கழுவ என்று கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அக்கா மகளிடம் சொல்லி இல்லத்துக்குப் போவதைத் தள்ளிப்போட்டார். டொக்டரும் தான் எழுவைதீவுக்குப் போகிறபோதெல்லாம் என்னைக் கூட்டிச் செல்லச் சம்மதித்தார். தோளுக்கு நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. முன்பு தோற்றுப்போன அதே பயிற்சிகள்தான். சுவரை அழுத்துவது, கதவுக் கொண்டியில் கட்டிய சைக்கிள் ரியூப்பை இழுப்பது, பிறகு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் கையை உயர்த்துவது. சுமை அளவோடு வந்ததும் நாண் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. முதலில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடிந்தது. பிறகு பொத்தான்கள் சரியாகப் பூட்டப்பட்டன.

ஆனால் முன்னேற்றம் நேராகவே ஏறிப் போகவில்லை. மாரி மழைக்குள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து கால் சோர்ந்துவிட்டது. அண்ணை திரும்பவும் தூக்க வேண்டியதாயிற்று. நான் போனபோது வாசலில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

“எல்லாம் பழையபடி போச்சு மிஸ்.”

பார்த்தேன். நோ வந்திருந்தது, ஆனால் பலம் போயிருக்கவில்லை. “முதலிலை இருந்து இல்லை அண்ணை. பாதியிலை இருந்து தொடங்குவம்” என்றேன். தொடங்கினோம். அடுத்த வருடம் பாஸ்காத் திருநாள் முடிந்து சில நாட்களில் அவர் திரும்பவும் கடலுக்குப் போனார். அக்கா ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடந்தார். பிறகு ஒருநாள், அண்ணை ஒரு பக்கம் பிடிக்க, ஜெற்றியில் தன் காலால் நடந்து வந்து படகில் ஏறினார். பிள்ளைகள் அன்றும் நின்று பார்த்தார்கள். ஒருத்திக்குப் பாவாடை மடிப்பு அவிழ்ந்திருக்கிறது என்று அக்கா படகுக்குள் இருந்தே ஏசினாராம்.

இடது கை மட்டும் பிந்தியது. “உது செத்த கை” என்று மடியில் போட்டுவைத்திருப்பார். அதால் ஏதாவது செய்யுங்கள் என்று நான் கெஞ்சாத குறை. துணி மடிக்கச் சொன்னேன், பந்து பிடிக்கச் சொன்னேன். நான் படலையைத் தாண்டியதும் எல்லாம் நின்றுவிடும்.

கடைசியாக அந்த வீட்டுக்குப் போனது நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு. அண்ணை தோள் இன்னும் நோகிறது என்றார். எனக்கு யோசனையாகிவிட்டது. கையை உயர்த்தச் சொன்னேன். முகம் அசையாமல் தலைக்கு மேலே போனது. வெளியே தள்ளச் சொன்னேன்; என்னையே தள்ளிவிடுவார் போல இருந்தது. நோகிற தோள் இல்லை அது.

“எப்ப நோகுது?”

“பின்னேரத்திலைதான் மிஸ். அவ தைலம் தடவினால் சுகம்.”

காட்டச் சொன்னேன். ஒரு குட்டி வாங்கை இழுத்து, அக்காவின் கதிரைக்கு இடப்பக்கத்தில் போட்டு இருந்தார். அவருடைய வலது தோள் அக்காவின் இடது கைக்குப் பக்கத்தில் வந்தது. அக்காவின் வலது கை அங்கே வசதியாக எட்டாது. அக்கா அந்தச் “செத்த” கையைத் தூக்கினார். விரல்கள் மெல்ல விரிந்தன. தைலத்தைத் தொட்டு, சுற்றிச் சுற்றித் தடவத் தொடங்கினார். அண்ணை முன்னால் பார்த்தபடியே எனக்குக் கண்ணால் சாடை காட்டினார்.

“இன்னும் கொஞ்சக் காலம் தடவ வேணும் அக்கா,” என்றேன். “ஒரு நாளும் விடக் கூடாது.”

புறப்படும்போது அக்கா ஊன்றுகோலோடு படலைவரை வந்தார். அண்ணை பின்னால் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “அவருக்கு நோவில்லை எண்டு எனக்குத் தெரியும் மிஸ். சொல்லிப்போடாதேங்கோ,” என்றார்.

நான் அண்ணைக்குச் சொல்லவில்லை.

றோசலின் அக்கா இப்போது இல்லை. அண்ணை மன்னாரில் மகளோடு இருக்கிறார். இதை எழுதுவதற்கு முன்பு அவருக்குத் தொலைபேசி எடுத்து, எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். அக்கா படலையில் சொன்னதையும் சொன்னேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அது அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.



“அது எனக்கும் தெரியும் மிஸ்,” என்றார். “தடவேக்கை அவ சிரிக்கிறவ. சிரிக்கேக்கை கை குலுங்கும். தோளிலை தெரியும்.”